ஒரு புரதமும் ஓர் ஆயுட்கணக்கும்

மைசூர் நகரில் தேவராஜ மொஹல்லா என்றவுடன் வெளியூரார் நினைவுக்கு வருவது தேவராஜ சந்தையே. மல்லிகையும் வெற்றிலையும் நஞ்சன்கூட்டு வாழையும் குவிந்து கிடக்கும் அச்சந்தையை விட்டு, ஸயாஜி ராவ் சாலையில் வடக்கு நோக்கிச் சிறிது தொலைவு நடந்தால் கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையை அடைகிறோம். அதனோடு இணைந்த மைசூர் மருத்துவக் கல்லூரி 1924-ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கப்பெற்று, 1930-இல் இந்நகருக்கு மாற்றப்பட்டது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அரியணையில் இருந்த காலம் அது. சந்தைக்கு வருவோர் பண்டங்களின் விலையைக் கேட்பர். மருத்துவமனை வாயிலில் நிற்போரும் ஒன்றைக் கேட்பர்: "இன்னும் எவ்வளவு நாள்?" கன்னடத்தில் கேட்போர் பலர், 1956 வரை சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகாலம் பக்கத்திலிருந்து வந்து தமிழில் கேட்போரும் உண்டு.

இவ்வினா ஒருநாள் நம் வீட்டு வாயிலுக்கே வந்தது. மத்திய அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நம்மிடம், ஆங்கிலத் தாள்களைப் படித்துக் காட்டச் சொல்லி மொஹல்லாக்காரர் வருவது வழக்கம். அவ்வாறு வந்த முதியவர் ஒருவர், மடித்து மடித்து நைந்துபோன இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றை நீட்டினார். அவருடைய தங்கைக்குப் பெருங்குடலில் புற்றுநோய். சத்திர சிகிச்சை நடந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன் எடுத்த பரிசோதனை அது.

"தம்பி, என் தங்கைக்கு எத்தனை நாள் என்று இதில் போட்டிருக்கிறதாமே? ஐந்துக்குள் இருக்க வேண்டியது பதினொன்று இருக்கிறதாம். இனி மருந்து ஏற்றிப் பயனில்லை என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள்" என்றார்.

தாளில் சி.இ.ஏ. என்ற மூன்று எழுத்தும், பதினொன்று என்ற எண்ணும், அளவின் எல்லை ஐந்து என்ற குறிப்புமே இருந்தன. நாள் ஏதும் அதில் இல்லை. "நமக்குத் தெரிந்தது மொழி, ஐயா, வைத்தியம் அன்று. சிகிச்சை செய்த டாக்டரையே கேளுங்கள், அதற்குள் மருந்து வேண்டாமென்று முடிவு கட்டிவிடாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினோம். ஆயினும், ஒரு குடும்பத்தின் தீர்மானத்தையே அசைக்கக்கூடிய அந்த எண் எங்கே பிறந்தது, அதற்கு இவ்வளவு அதிகாரத்தை அளித்தவர் யார் என்று அறிய ஆவல் கொண்டோம். அந்த ஆவலின் விளைவே இக்கட்டுரை.

நோயாளி பிழைப்பாரா என்பதை முன்கூட்டி அறிய விரும்புவது மருத்துவத்தைப் போலவே பழமையானது. சரக சம்ஹிதையில் இந்திரிய ஸ்தானம் என்னும் பகுதி முழுவதும் மரணத்தை அறிவிக்கும் குறிகளைப் பற்றியது. நோய்களைச் சாத்தியம், அசாத்தியம் என்று பகுப்பது நம் நாட்டு வைத்திய மரபு. கிரேக்க நாட்டில் ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்றும் நோயின் போக்கை முன்னறிந்து கூறுவதையே பொருளாகக் கொண்டது. அக்காலத்து வைத்தியர் முகத்தையும் நாடியையும் மூச்சையும் பார்த்தனர். உடலுக்குள்ளிருக்கும் புரதம் ஒன்றைச் சாட்சிக்கு அழைக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டில்தான் தொடங்கிற்று.

1845-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில், எலும்பு மென்மையாகி வேதனையுற்ற ஒருவருடைய சிறுநீர், ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் மருத்துவ இரசாயன அறிஞரிடம் அனுப்பப்பட்டது. அதில் இருந்த பொருள் ஒன்று விந்தையாக நடந்துகொண்டது. ஒரு வெப்பநிலையில் திரண்டு படிந்தது, கொதிக்கும் வரை சூடாக்கினால் கரைந்து மறைந்தது. எலும்பு மச்சையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயில் வெளிப்படும் புரதம் அது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. புற்றுநோய்க்கு அடையாளமான புரதங்களுள் முதலாவது என்று அதனையே கொள்கின்றனர்.

குடற்புற்றில் முதல் முன்னறிவு வேறொரு வழியில் வந்தது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் நோய்க்கூற்று வல்லுநராக இருந்த கத்பர்ட் டியூக்ஸ், வெட்டி எடுக்கப்பட்ட மலக்குடல்களை ஆண்டுக்கணக்கில் பொறுமையாக ஆராய்ந்தார். கட்டி குடலின் சுவருக்குள்ளேயே அடங்கியிருப்பது முதல் நிலை, சுவரைக் கடந்துவிட்டது இரண்டாம் நிலை, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்டது மூன்றாம் நிலை என்று 1932-இல் வகுத்துரைத்தார். நிலை ஏற ஏற, பிழைத்தோர் தொகை குறைந்தது. புரதமோ நுண்கருவியோ இன்றி, கண்ணும் கத்தியும் கணக்கேடும் கொண்டு செய்த இப்பகுப்பின் அடிப்படை இன்றளவும் நிலைத்து நிற்கிறது. அமெரிக்க நாட்டுக் கணக்குகளின்படி, குடலளவில் அடங்கிய நோயுடையவருள் நூற்றுக்குச் சுமார் 90 பேர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய நோயுடையவருள் நூற்றுக்குச் சுமார் 15 பேரே அவ்வாறு வாழ்கின்றனர். இவ்விரு எண்களுக்கு இடையேயுள்ள தூரம், காலத்தில் வருவதற்கும் காலங்கடந்து வருவதற்கும் உள்ள தூரம் என்க.

டியூக்ஸ் லண்டனில் கணக்கெடுத்த அதே காலத்தில், குடற்புற்று சென்னையில் ஒரு வீட்டிலும் நுழைந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் இளைய சகோதரி மலக்குடல் புற்றுநோய்க்கு இரையானார். மருத்துவரான தமக்கை அருகிலிருந்தும் காக்க இயலவில்லை. 1925-இல் மேற்படிப்புக்காக லண்டன் சென்ற அம்மையார் அந்நோயைப் பற்றிய அறிவைத் தேடினார். தம் நாட்டிலும் அதற்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்ற எண்ணத்தை அதன்பின் அவர் கைவிடவேயில்லை. மாதர் இந்திய சங்கத்தின் வாயிலாகத் திரட்டிய நிதியைக்கொண்டு, 1954-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். தமிழகத்தின் புற்றுநோய்ச் சிகிச்சை வரலாற்றில் ஒரு பெரும் அத்தியாயம் குடற்புற்றால் நேர்ந்த ஒரு சாவிலிருந்து பிறந்தது என்பதை நம்மவர் பலர் அறியார்.

இனி, அந்தத் தாளிலிருந்த மூன்றெழுத்துக்கு வருவோம். அதன் பிறப்பிடம் கனடா நாட்டின் மான்ட்ரியால் நகரம். பிறந்த ஆண்டு 1965. மக்கில் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பில் கோல்டு என்ற இளைஞரும் அவருடைய ஆசிரியர் சாமுவேல் ஃப்ரீட்மனும் ஒரே நோயாளியின் குடலிலிருந்து இருவகைத் துண்டுகளை எடுத்தனர். ஒன்று புற்றுற்ற பகுதி. மற்றது அதற்கு வெகு தொலைவிலிருந்த நல்ல பகுதி. புற்றுப் பகுதியின் சாற்றை முயல்களுக்குச் செலுத்த, முயலின் உடல் அதற்கு எதிர்ப்பொருள்களைத் தோற்றுவித்தது. அவற்றுள் நல்ல குடலோடு சேரக்கூடியவற்றையெல்லாம் வடித்து நீக்கியபின், புற்றோடு மட்டுமே சேரும் எதிர்ப்பொருள் எஞ்சிற்று. அது பற்றிக்கொண்ட பொருள், சர்க்கரைப் பொருள் மிகுதியாகச் சேர்ந்த பெரியதொரு புரதம். தேடிப் பார்த்ததில், தாயின் வயிற்றில் முதல் ஆறு மாதங்களுக்குள் இருக்கும் கருவின் குடலிலும் அதே புரதம் காணப்பட்டது. ஆகவே புற்றுக்கும் கருவுக்கும் பொதுவான பொருள் என்று பெயரிட்டனர், சி.இ.ஏ. என்பது அப்பெயரின் சுருக்கமே. கருவில் செய்த வேலையை முதிர்ந்த உயிரணு புற்றானபோது மீண்டும் மேற்கொள்கிறது என்று அன்று விளக்கம் கூறப்பட்டது.

இரத்தத்தில் அணுவளவாகக் கலந்திருக்கும் புரதத்தை அளப்பது எவ்வாறு? அதற்கான வழியை ரோஸலின் யாலோ என்னும் அமெரிக்கப் பெண்மணியும் சாலமன் பெர்சனும் 1950-களின் இறுதியில் கதிரியக்கப் பொருளின் துணைகொண்டு கண்டிருந்தனர். அந்தப் பணிக்காக யாலோ 1977-இல் நோபல் பரிசு பெற்றார். அம்முறையைக் கையாண்டு மான்ட்ரியால் குழுவினர் 1969-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். குடற்புற்று உடையவராக அவர்கள் சோதித்தோருள் ஏறத்தாழ எல்லாருடைய குருதியிலும் அப்புரதம் இருந்தது, பிறரிடம் காணப்படவில்லை. உலகம் மகிழ்ந்தது. ஒரு சொட்டு இரத்தத்தால் குடற்புற்றை முளையிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை எங்கும் பரவிற்று.

அந்த நம்பிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. பிற நாட்டு மருத்துவமனைகள் அதே சோதனையைச் செய்தபோது, நோயின் தொடக்க நிலையிலிருந்த பலரிடம் அப்புரதம் மிகவில்லை. மாறாக, புகை பிடிப்போரிடமும், கல்லீரல் கெட்டவரிடமும், குடல் அழற்சியால் வருந்துவோரிடமும், புற்றே இல்லாதபோதும் மிகுந்திருந்தது. நல்ல குடலும் அப்புரதத்தைச் சிறிதளவு சுரக்கவே செய்கிறது என்பதும் தெளிவாயிற்று. 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய சுகாதார நிலையங்கள் கூட்டிய வல்லுநர் மாநாடு, நோயற்ற மக்களிடையே நோயைத் தேடும் கருவியாக இதனைப் பயன்படுத்துவது தகாது என்று முடிவு கூறிற்று. அம்முடிவு இன்றும் பொருந்தும். உடற்பரிசோதனைத் தொகுப்பு என்று விலை கூறி இச்சோதனையையும் அதில் சேர்த்து விற்பதுண்டு. எண் சரியாக இருக்கிறதென்று நிம்மதி கொண்டு, மலத்தில் கண்ட குருதியை மூலமென்று தள்ளிப்போடுவோருக்கு அந்த நிம்மதியே பகையாகும்.

ஆயினும் அப்புரதம் பயனற்றதென்று ஒதுக்கப்படவில்லை. அதற்கு வேறு வேலை கிடைத்தது. சத்திர சிகிச்சைக்கு முன் ஒரு மில்லி லிட்டர் குருதியில் ஐந்து நானோகிராமுக்கு மேல், அதாவது ஒரு கிராமை நூறு கோடியாகப் பகுத்தால் அவற்றுள் ஐந்து பங்குக்கு மேல், அப்புரதம் இருந்தவர்களிடையே நோய் திரும்புவது அதிகம் என்பதை 1978-இல் நியூயார்க் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். பின்வந்த பல ஆராய்ச்சிகளும் அதனை உறுதி செய்தன. சிகிச்சை முற்றும் பலித்தால் சில வாரங்களில் அளவு தாழ்ந்துவிடும். தாழ்ந்தது மீண்டும் ஏறினால் எங்கோ நோய் தலைதூக்குகிறது என்று ஐயுறலாம். இங்ஙனம், கண்டுபிடிக்கும் ஒற்றனாகப் புகழப்பட்ட புரதம், சிகிச்சைக்குப்பின் உடன்வரும் காவற்காரன் ஆயிற்று.

காவற்காரன் கூவினால் உயிர் காக்கப்படுமா? இதனையும் சோதித்தனர். பிரிட்டனில் 1980-களில் தொடங்கிய ஒரு சோதனை, அளவு ஏறியவுடன் வயிற்றை மீண்டும் திறந்து பார்ப்பதால் நோயாளியின் ஆயுள் நீளவில்லை என்று காட்டிற்று. அதே நாட்டில் 39 மருத்துவமனைகளில் 1,202 பேரைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆராய்ச்சி, இரத்தப் பரிசோதனையாலோ உட்படம் எடுப்பதாலோ, திரும்பிய நோயைக் குணமாக்கும் நோக்குடன் மறு சிகிச்சை செய்யும் வாய்ப்புப் பெருகுகிறது, ஆனால் மொத்தத்தில் பிழைத்தோர் தொகையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்று கூறிற்று. அறிவது வேறு, அறிந்ததைக்கொண்டு காப்பது வேறு என்பது இதனால் விளங்கும்.

மிகுந்திருக்கும் புரதம் குறியாவது போலவே, இல்லாத புரதமும் குறியாகலாம். அதன் கதை ஒரு தையற்காரப் பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்து ஆல்டிரட் வார்த்தின் என்னும் மருத்துவரிடம், தம் குடும்பத்தார் பலர் குடலிலும் கருப்பையிலும் புற்றுற்று இறந்ததைக் கூறி, தாமும் அவ்வாறே இளமையில் இறப்போம் என்று அவள் சொன்னாள். சொன்னபடியே கருப்பைப் புற்றால் இறந்தாள். வார்த்தின் அக்குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்து 1913-இல் வெளியிட்டார். 1960-களில் ஹென்றி லிஞ்ச் இத்தகைய குடும்பங்களை மீண்டும் ஆராய்ந்தார். காரணம் விளங்கியது 1990-களில். உயிரணு பிரியும்போது மரபுச் செய்தி முழுவதும் படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கையில் எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. அவற்றைத் திருத்தும் புரதங்கள் நான்கு முக்கியமானவை. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவோர் போன்றவை அவை. அவற்றுள் ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டிருந்தால் பிழைகள் மலிந்து புற்று விளைகிறது. பரம்பரைத் தொடர்பு இன்றியும் இக்குறை தோன்றுவதுண்டு. குடற்புற்றுகளில் நூற்றுக்குச் சுமார் 15 இத்தகையன.

இங்கே ஒரு விந்தை. தொடக்க நிலைகளில், மெய்ப்புத் திருத்துவோர் இல்லாத புற்று உடையவர்களே மற்றவரினும் நெடிது வாழ்கின்றனர். பிழைகள் மலிந்த அணுக்களை உடலின் பாதுகாப்புப் படை அந்நியர் என்று எளிதில் அறிந்துகொள்வதே காரணம் என்பர். ஆனால் வழக்கமான ஃப்ளூரோயுராசில் மருந்தைத் தனியே அளிப்பதால் அவர்களுக்கு நன்மை தெரியவில்லை என்று 2003-இல் காட்டப்பட்டது. உடலின் பாதுகாப்பைத் தூண்டும் புதிய மருந்துகள் இவர்களுக்கே சிறப்பாகப் பயன்படுகின்றன என்பது 2015-இல் வெளியாயிற்று. 2022-இல் நியூயார்க்கிலிருந்து வந்த அறிக்கையில், இவ்வகை மலக்குடல் புற்றுடைய 12 பேருக்கு அத்தகைய மருந்தொன்றை மட்டுமே அளிக்க, 12 பேரிடமும் கட்டி காணாமற்போயிற்று. தையற்காரப் பெண்ணின் காலத்தில் சாவின் குறியாயிருந்த குறைபாடு, இன்று தக்க மருந்தைத் தெரிந்தெடுக்க வழிகாட்டுகிறது. குறி மாறவில்லை, சிகிச்சை மாறியதால் குறியின் பொருள் மாறிற்று.

எல்லாக் குறிகளுக்கும் இப்பேறு வாய்க்கவில்லை. 1979-இல் அறியப்பட்ட பி53 என்னும் புரதத்தைக் குடற்புற்றில் அளந்து ஆயுளைக் கணிக்க எண்ணற்ற முயற்சிகள் நடந்தன. முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. சிறு தொகையினரைச் சோதித்து, அனுகூலமான முடிவை மட்டும் வெளியிடும் வழக்கமும் பெருகிற்று. ஆகவே 2005-இல் பல நாட்டு ஆராய்ச்சியாளர் கூடி, இத்தகைய குறிகளைப் பற்றி எழுதுவோர் எவற்றையெல்லாம் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தனர்.

இவ்வரலாற்றில் நாம் கற்பது யாது? ஆயுளைக் கணிக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால், சிகிச்சை முடிந்து வீடு சென்றபின் என்ன ஆயினர் என்று ஆண்டுதோறும் விசாரித்து ஏட்டில் பதியப்பட்ட மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கடந்த காலமே நமக்கு முன்னறிவிப்பாகத் தரப்படுகிறது. நம் நாட்டில் அத்தகைய ஏடு நெடுங்காலம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-இன் இறுதியில் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கி, 1982 முதல் பெங்களூர், பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் மக்கள் தொகை வாரியாகக் கணக்கெடுக்கச் செய்தது. மேனாடுகளில் நோயாளி இறந்த செய்தி தானே பதிவேட்டை வந்தடையும். இங்கோ கடிதம் எழுதியும் வீடு தேடிச் சென்றுமே அறிய வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து விசாரிக்கும் பணியாளரைத் துக்க வீட்டார் முகஞ்சுளித்துத் திருப்பி அனுப்புவதுண்டு. அவர் தேடி வந்த செய்தி, பின்வரும் நோயாளி ஒருவருக்குத் துணையாகும் என்பதை நாம் உணர வேண்டும்.

மான்ட்ரியாலிலும் நியூயார்க்கிலும் வாழ்ந்தவர்களின் கணக்கு, தேவராஜ மொஹல்லாவில் வாழும் ஓர் அம்மையாருக்கு எவ்வளவு பொருந்தும்? வைத்தியர் அதனை வயது, நோயின் நிலை, உடலின் வலிமை ஆகியவற்றோடு சேர்த்து எடை போடுவர். நூறு பேரைப் பற்றிய உண்மை அது. அந்நூற்றுவருள் இவர் யார் என்று அதற்குத் தெரியாது. எண் மிகுந்திருந்தால் சிகிச்சையை இன்னும் கருத்துடன் நடத்த வேண்டும் என்பதே பொருள். கைவிட வேண்டும் என்று எந்த நூலும் கூறவில்லை.

இந்நூல்களில் மிகுதியாக வரும் ஒரு சொல்லை மொழிபெயர்க்கையில், 'பிழைத்தல்' என்று எழுதிவிட்டுச் சற்றே நின்றோம். உயிர் பிழைத்தான் என்கிறோம்; கணக்குப் பிழைத்தது என்றும் சொல்கிறோம். தப்புவதற்கும் தவறுவதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. ஆயுட்கணக்கு எழுதுவோர் இச்சொல்லின் இரு பொருளையும் மறவாதிருத்தல் நன்று.

முதியவர் இரண்டு மாதம் கழித்து வந்தார். டாக்டரைக் கேட்டிருந்தார், தங்கைக்கு மருந்து ஏற்றுவது தொடங்கியிருந்தது. புதிய தாளில் எண் மூன்றாக இறங்கியிருந்தது. "இப்போது எத்தனை நாள், தம்பி?" என்று பழைய வினாவையே கேட்டார்; ஆனால் இம்முறை அவர் குரலில் சிறிது குறும்பு இருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று தாளின் அடியில் டாக்டர் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினோம். அவர் நம் சுவரிலிருந்த நாட்காட்டியை எடுத்துத் தரச் சொல்லி, அந்தத் தேதியைத் தம் விரலால் எண்ணிப் பார்த்து, அது என்ன கிழமை என்று கேட்டுக்கொண்டு, சந்தைப் பக்கமாக நடந்து போனார்.